ஒரு புள்ளி

பதினொரு வருசம் கம்பு சுற்றினேன்.
மாவட்ட மட்டத்தில் இரண்டு வெள்ளி, ஒரு தங்கம்.
தங்கம் தகரம்தான்; மழை பட்டால் நாடா சாயம் விடும்.
பயிற்சிக்கு வரும் பொடியள்
முதல் கிழமையே கேட்பது ஒன்றுதான்:
"அண்ணை, இது உண்மையான சண்டைக்குச் சரிவருமோ?"
சரிவரும் என்பேன்.
அதுவரை நான் ஒருவரோடும் சண்டை பிடித்ததில்லை.

சிறுபோகம். இரணைமடுவில் தண்ணீர் மட்டு.
முரசுமோட்டையில்
கமக்காரர் அமைப்பு எழுதி ஒட்டிய முறைப்படி
இரவு ஒரு மணி முதல் மூன்றரை வரை என்னுடைய தண்ணீர்.
போய்ப் பார்த்தால் வாய்க்கால் பலகை மாறி நிற்கிறது.
தவநேசன் வயல் பக்கம் சளசளப்பு.
வரம்பில் அவன்,
ஒற்றைக் கையில் மண்வெட்டி.

என் கையில் நெற்றி மட்டத்துக்கு வெட்டிய பிரம்பு.
பாம்புக்கு என்று எடுத்துப் போனது.
பிறகு பொலிசிலும் அப்படித்தான் சொன்னேன்.

சலாம் வரிசைக்கு நேரமில்லை.
"எடேய்" என்றான். நானும் "எடேய்" என்றேன்.
வலக் காலைப் பின்னே இழுத்தேன்.
மைதானத்தில் அந்தச் சுவடு
வட்டமாய்க் கோடு கீறிக்கொண்டு போய் நிற்கும்.
இங்கே சேறு காலைப் பிடித்து வைத்துக்கொண்டது.
செருப்பு இன்னும் அங்கேதான் கிடக்கும்.

நான் படித்த பாடம் எல்லாவற்றிலும்
எதிராளிக்கு இரண்டு கை.
வீச்சை அவன் இடக்கை மறிக்க வேண்டும்,
மறித்தால்தான் நான் குனிந்து காலை வாரலாம்.
தவநேசனுக்கு இடக்கை முழங்கையோடு முடிகிறது.
மறிக்க ஒன்றுமில்லை,
ஆகவே மறிக்காமல் நேரே வந்தான்.

அந்தக் கையை எடுத்தது கம்பில்லை.
பதினாறு வயதில், மாத்தளனில்,
பங்கரை விட்டுத் தண்ணீர் அள்ள வெளியே வந்தவன்.
அதற்கு எந்த வரிசையில் தடுப்பு என்று
ஒருநாளும் அவன் என்னிடம் கேட்டதில்லை.

மண்வெட்டி ஓங்கிய விசையில் சறுக்கினான்.
தலை எனக்கு நேரே கீழே வந்தது.
வரம்பில் விழுந்து கிடந்த டோர்ச் வெளிச்சத்தில்
உச்சியில் சுழி தெரிந்தது.
கம்பு ஏற்கெனவே காற்றில்.
அந்த அடியை எத்தனை ஆயிரம் தரம் அடித்திருப்பேன்!
கை தானாக இறங்கியது.
தானாகவே விலகி,
தோள்மூட்டில், மெல்ல,
டொக்.

போட்டியில் அது ஒரு புள்ளி.
நடுவர் கொடி தூக்குவார்,
இருவரும் ஓரடி விலகி நிற்போம்.

நான் விலகி நின்றேன்.

தவநேசன் நிமிர்ந்து பார்த்தான்.
"என்னடா இது?"
உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டான்.
பிறகு தலையால் என் முகத்தில் இடித்தான்.

விடியப்புறம், கிளிநொச்சி ஆஸ்பத்திரி.
"என்னத்தால அடிச்சது?" தாதி எழுதிக்கொண்டே கேட்டா.
"தலையால."
"ஆர்?"
பக்கத்து வாங்கில்
நெற்றியில் பஞ்சை அழுத்தியபடி இருந்தவனைக் காட்டினேன்.
என் முன்பல் அவனுக்கு நாலு தையல் வாங்கிக் கொடுத்திருந்தது.
பதினொரு வருசத்தில் என் உடம்பு அடித்த ஒரே அடி அதுதான்,
அதுவும் நான் அடித்ததில்லை.

"ஏன்டா நிப்பாட்டினனீ?" என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டு.
"தெரியாது" என்றேன்.
தெரியாதுதான்.
இத்தனை வருசமும் கை பழகியது அடிக்கவா, தொடவா,
மூக்கு நிறையப் பஞ்சோடு அதை யோசிக்க ஏலாது.
பொடியளுக்கு இனி என்ன சொல்வது என்பதையும்.

சண்டையில் பலகை பிடுங்குண்டு போயிற்றாம்.
தண்ணீர் என் வயலையும் அவன் வயலையும் விட்டுவிட்டு
வாய்க்கால் முடிகிற இடம்வரை ஓடி,
ஞானசீலியக்காவின் நாலு பாத்தியும்
இந்தப் போகத்தில் முதல்முறை முழுதாய் நனைந்ததாம்.

பத்து மணிபோல சைக்கிளில் வந்தா.
சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி, இரண்டு கோப்பை.
ஏசவில்லை.
என் மூக்கைப் பார்த்தா, அவன் நெற்றியைப் பார்த்தா.

"அடுத்த முறை எப்ப, தம்பியவை?"